ஐசியுவில் டயாலிசிஸ்: எவ்வளவு கொடுத்தால் போதும்?

ஐசியு வாசலில் நிற்கும் குடும்பத்தார் கேட்பதும், நள்ளிரவில் டியூட்டி டாக்டர் போன் செய்து கேட்பதும் பெரும்பாலும் இந்த ஒரே கேள்விதான். இது வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸுக்கு வந்துபோகும் நாள்பட்ட நோயாளிகளைப் பற்றியதல்ல. போன வாரம் வரை நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர், கடுமையான கிருமித்தொற்றாலோ பாம்புக்கடியாலோ எலிக்காய்ச்சலாலோ பெரிய ஆபரேஷனுக்குப் பிறகோ சிறுநீரகம் திடீரென்று நின்றுபோய் வென்டிலேட்டரில் கிடக்கிறாரே, அவரைப் பற்றியது. நோயாளியின் குடும்பத்துக்கும், இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சில பதில்களில் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்குத்தானே டோஸ்? டயாலிசிஸுக்கும் உண்டா?

உண்டு. சிறுநீரகம் இரவும் பகலும் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டே இருக்கும் உறுப்பு. மெஷின் அதே வேலையின் ஒரு பகுதியை, சில மணி நேரத்துக்கு மட்டும் செய்கிறது. எத்தனை மணி நேரம், எவ்வளவு வேகத்தில், வாரத்துக்கு எத்தனை முறை என்பதைச் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பதுதான் டோஸ். ஆன்டிபயாடிக் குறைந்தால் கிருமி சாகாது, கூடினால் வேறு தொல்லை வரும் என்று எல்லோருக்கும் தெரியும். டயாலிசிஸும் அப்படித்தான். ஆனாலும் பல இடங்களில் கேஸ் ஷீட்டில் "டயாலிசிஸ் 4 மணி நேரம்" என்று ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடுகிறது, எனக்கு அதில்தான் வருத்தம்.

அதை எண்ணில் எப்படிச் சொல்வார்கள்?

இரண்டு விதம் உண்டு. விட்டுவிட்டுச் செய்யும் சாதாரண டயாலிசிஸுக்கு கேடி/வி என்ற அளவு. கே என்பது மெஷின் ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லி லிட்டர் ரத்தத்திலிருந்து யூரியாவை முழுக்க எடுக்கிறது என்பது, டி என்பது நேரம், வி என்பது உடம்பில் உள்ள மொத்தத் தண்ணீர். சுருக்கமாக, உடம்புத் தண்ணீர் முழுவதையும் எத்தனை தடவை சுத்தம் செய்தோம் என்று அர்த்தம். ஒரு முறை டயாலிசிஸ் செய்ததில் யூரியா சுமார் 65 சதவீதம் குறைந்தால், அதாவது 180 இருந்தது 63-க்கு வந்தால், கேடி/வி ஏறக்குறைய 1.2 என்று வைத்துக்கொள்ளலாம்.

நாள் முழுக்க மெதுவாக ஓடும் தொடர் டயாலிசிஸுக்கு, அதாவது சிஆர்ஆர்டிக்கு, வேறு கணக்கு. மெஷினிலிருந்து வெளியே வடியும் கழிவுநீர் எவ்வளவோ அதுதான் டோஸ், ஒரு கிலோ எடைக்கு ஒரு மணிக்கு இத்தனை மி.லி. என்று சொல்வோம். 60 கிலோ ஆளுக்கு 25 மி.லி. என்றால் மணிக்கு 1,500 மி.லி., ஒரு நாளைக்கு 36 லிட்டர். 60 கிலோ ஆணின் உடம்பில் இருக்கும் மொத்தத் தண்ணீரும் கிட்டத்தட்ட அதே 36 லிட்டர்தான். ஆக, இந்த வேகத்தில் மெஷின் இடைவிடாமல் ஓடினால் ஒரு நாளைக்கு ஒரு தடவை உடம்பு முழுக்கக் கழுவின மாதிரி.

பக்கத்து பெட்காரருக்குத் தினமும் செய்கிறீர்கள், எங்கள் அப்பாவுக்கு மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள். ஏன்?

இதைக் கேட்பதில் தப்பே இல்லை, கேட்க வேண்டிய கேள்விதான். பக்கத்து பெட்காரருக்கு பொட்டாசியம் ஏறிக்கொண்டே இருக்கலாம், நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம், தசைகள் நசுங்கி அதிலிருந்து கழிவு மளமளவென்று ரத்தத்தில் கலந்துகொண்டிருக்கலாம். உங்கள் அப்பாவுக்கு அதெல்லாம் இல்லையென்றால், ஒவ்வொரு தடவையும் முழு அளவு கிடைக்கும்வரை, ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். தினமும் செய்வதால் மட்டும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடுவதில்லை. இதைச் சும்மா சொல்லவில்லை, பெரிய பெரிய ஆய்வுகள் செய்து பார்த்துவிட்டார்கள், அடுத்த பதிலில் வருகிறேன்.

"ஒவ்வொரு தடவையும் முழு அளவு கிடைக்கும்வரை" என்றேனே, அந்த நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் "ஏன் இன்னைக்கு இல்லை?" என்று கேட்பதைவிட "நேற்று எத்தனை மணி நேரம் ஓடிச்சு, இடையில் நின்னுச்சா?" என்று கேளுங்கள்.

அதிகமாகச் சுத்தம் செய்தால் நல்லதுதானே? அதில் என்ன சந்தேகம்?

ஒரு காலத்தில் நிபுணர்களே அப்படித்தான் நம்பினார்கள், நம்பக் காரணமும் இருந்தது. 2000-ல் இத்தாலியின் விசென்சாவில் ரோங்கோ குழுவினர் 425 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, கிலோவுக்கு மணிக்கு 20, 35, 45 மி.லி. கொடுத்துப் பார்த்தார்கள். 20 கொடுத்தவர்களில் 41 சதவீதம் பிழைத்தார்கள், 35-ல் 57, 45-ல் 58. லான்செட் இதழில் வந்த அந்த ஆய்வு உலகத்தையே புரட்டிப்போட்டது. அடுத்து 2002-ல் மியூனிக்கில் ஷிஃப்ல் குழு 160 பேரிடம் தினசரி டயாலிசிஸையும் ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸையும் ஒப்பிட்டது. தினசரிக் குழுவில் இறப்பு 28 சதவீதம், மற்றதில் 46. இதைப் பார்த்தால் யார்தான் தினமும் செய்ய மாட்டார்கள்?

ஆனால் இந்த இரண்டுமே ஒரே மருத்துவமனை, குறைந்த எண்ணிக்கை. அதனால் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். அமெரிக்காவில் ஏடிஎன் ஆய்வு, 1,124 நோயாளிகள், முடிவு 2008-ல் வந்தது. ஒரு குழுவுக்கு வாரம் 6 முறை டயாலிசிஸ், ரத்த அழுத்தம் தாங்காதவர்களுக்கு 35 மி.லி. அளவில் தொடர் டயாலிசிஸ். மற்றக் குழுவுக்கு வாரம் 3 முறை, தொடர் டயாலிசிஸ் என்றால் 20 மி.லி. 60 நாளில் இறப்பு: அதிகம் கொடுத்தவர்களில் 53.6 சதவீதம், குறைவாகக் கொடுத்தவர்களில் 51.5. வித்தியாசமே இல்லை. மறு வருடம், 2009-ல், ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து 35 ஐசியுக்களில் 1,508 பேரிடம் செய்த ரீனல் ஆய்வு வந்தது. தொடர் டயாலிசிஸில் 40 மி.லி.யா 25 மி.லி.யா என்பது கேள்வி. 90 நாளில் இறப்பு இரண்டு பக்கமும் 44.7 சதவீதம். தசமப் புள்ளி வரை ஒன்று.

அப்படியானால் மியூனிக்கில் ஏன் அவ்வளவு வித்தியாசம் வந்தது? அங்கே ஒருநாள் விட்டு ஒருநாள் குழுவுக்கு ஒரு தடவைக்குக் கிடைத்த கேடி/வி 0.94 தான், வாரக் கணக்கில் சுமார் 3. ஏடிஎன்-னில் வாரம் 3 முறை குழுவுக்கு ஒரு தடவைக்கு 1.3 கிடைத்தது, வாரத்துக்கு 3.9. என் பார்வையில் மியூனிக் ஆய்வு சொல்வது "அதிகம் நல்லது" என்பதை அல்ல, "குறைவு கெட்டது" என்பதை. ஒரு அளவுக்குக் கீழே போனால் ஆபத்து, அந்த அளவைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் ஏற்றி லாபம் இல்லை. இந்த இரண்டு பாதியில் முதல் பாதியை மறந்துவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, "வாரம் மூணு தடவை போதும்னு ஆய்வே சொல்லுது" என்று 3 மணி நேரத்தில் மெஷினை நிறுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லத் தோன்றும், அந்த ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை.

கடுமையான செப்சிஸில் (உடம்பையே நிலைகுலைக்கும் கிருமித்தொற்றில்) நச்சை எல்லாம் வடித்து எடுக்க இன்னும் பல மடங்கு கொடுத்தால்?

அதையும் பார்த்துவிட்டார்கள். ஐவோயர் ஆய்வு 2013-ல் வந்தது. செப்டிக் ஷாக்கும் (தொற்றால் ரத்த அழுத்தம் விழுந்த நிலை) சிறுநீரகச் செயலிழப்பும் சேர்ந்த 140 பேரிடம் 70 மி.லி.யையும் 35 மி.லி.யையும் ஒப்பிட்டார்கள். 28 நாள் இறப்பில் பலன் இல்லை. வீக்கத்தை உண்டாக்கும் பொருள்களை வடித்து எடுத்தால் நோயே தணிந்துவிடும் என்ற எண்ணம் கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வடிகட்டி நல்லது கெட்டது பார்ப்பதில்லை, உடம்புக்கு வேண்டியதையும் சேர்த்துத்தான் எடுக்கிறது.

அதிகம் கொடுத்தால் லாபம் இல்லை, சரி. நஷ்டமும் உண்டா?

உண்டு. முதலில் பாஸ்பேட். ரீனல் ஆய்வில் அதிக டோஸ் குழுவில் 65 சதவீதம் பேருக்கு பாஸ்பேட் குறைந்தது, குறைந்த டோஸ் குழுவில் 54. பாஸ்பேட் குறைந்தால் மூச்சு விடும் தசைகள் சோர்ந்துவிடும், வென்டிலேட்டரை எடுக்க முடியாமல் இழுக்கும். சிறுநீரக நோயாளி என்றால் பாஸ்பேட் கூடும் என்றே படித்துவிட்டு வருவதால், சிஆர்ஆர்டியில் இருப்பவருக்கு அது தரைமட்டத்துக்குப் போவதைப் பலர் கவனிப்பதில்லை. தினமும் பாருங்கள், குறைந்தால் கொடுங்கள்.

அடுத்து ஆன்டிபயாடிக். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. மெரோபெனம், பிப்பராசிலின், வான்கோமைசின் எல்லாம் டயாலிசிஸில் வெளியேறும் மருந்துகள். "கிட்னி ஃபெயிலியர், டோஸைக் குறை" என்று பழக்கத்தில் பாதியாக்கிவிட்டு, மறுபக்கம் மெஷினை முழு வேகத்தில் ஓட்டினால், கிருமித்தொற்றோடு போராடுகிற ஆளுக்கு ரத்தத்தில் மருந்தே நிற்காது. டயாலிசிஸ் டோஸை மாற்றும் ஒவ்வொரு முறையும் மருந்துச் சீட்டையும் எடுத்து வைத்துப் பாருங்கள். விட்டுவிட்டுச் செய்யும் டயாலிசிஸ் என்றால், இந்த மருந்துகளின் அன்றைய டோஸ் டயாலிசிஸ் முடிந்த பிறகு போகிற மாதிரி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

புரதச் சத்தும் போகிறது. தொடர் டயாலிசிஸில் ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம் அமினோ அமிலம் வடிந்துவிடும், அதற்குச் சேர்த்து உணவு கொடுக்க வேண்டும். "கிட்னி நோயாளிக்குப் புரதம் கூடாது" என்ற பத்தியம் இங்கே பொருந்தாது.

அப்படியானால் எவ்வளவு எழுத வேண்டும்?

கேடிகோ என்ற உலக சிறுநீரக வழிகாட்டுக் குழு 2012-ல் சொன்னது: விட்டுவிட்டுச் செய்தால் வாரத்துக்கு மொத்தம் கேடி/வி 3.9, தொடர் டயாலிசிஸ் என்றால் கிலோவுக்கு மணிக்கு 20 முதல் 25 மி.லி. இது நோயாளிக்குப் போய்ச் சேர வேண்டிய அளவு, எழுத வேண்டிய அளவு அல்ல. அதனால் 25 முதல் 30 வரை எழுதினால்தான் 20-25 கிடைக்கும். எடை என்று வரும்போது, உடம்பு வீங்கி 72 கிலோ காட்டும் ஆளுக்கு நோய் வருவதற்கு முன் என்ன எடை என்று வீட்டாரிடம் கேட்பேன். அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

எழுதின அளவு ஏன் கிடைப்பதில்லை? மெஷின் பொய் சொல்லுமா?

மெஷின் பொய் சொல்லாது, ஓடாத நேரத்துக்கு அது பொறுப்பும் ஏற்காது. இரவு வடிகட்டியில் ரத்தம் உறைந்து நின்றுவிடும், புது செட் மாட்ட ஒன்றரை மணி நேரம். காலையில் சிடி ஸ்கேனுக்குக் கொண்டு போவார்கள், மதியம் ஆபரேஷன் தியேட்டர், நடுவில் ரத்தம் எடுக்கும் குழாயான கதீட்டர் வளைந்து அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு ஐசியுவில் ஒருமுறை, மூன்று நாளாக யூரியா இறங்காத ஒருவருக்கு "டோஸை 40 ஆக்கலாமா" என்று கேட்டு என்னைக் கூப்பிட்டார்கள். மெஷின் ஓடிய மணிகளை மட்டும் நர்ஸோடு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். 24 மணி நேரத்தில் 15 மணி நேரம்தான் ஓடியிருந்தது. காகிதத்தில் 25, ஆளுக்குப் போனது 16-க்கும் கீழே. டோஸைக் கூட்டத் தேவையே இல்லை, கதீட்டரை மாற்றினோம், அவ்வளவுதான்.

ஆராய்ச்சிக்கென்றே கவனமாக நடத்திய ரீனல் ஆய்வில்கூட 25 எழுதியவர்களுக்குக் கிடைத்தது சுமார் 22. நம் அன்றாட வேலையில் எவ்வளவு நழுவும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு ஓட்டை பலருக்குத் தெரிவதில்லை. வடித்த நீருக்கு ஈடாகக் கொடுக்கும் மாற்றுத் திரவத்தை வடிகட்டிக்கு முன்னாலேயே ரத்தத்தில் கலந்தால் ரத்தம் நீர்த்துப்போகும், உறைவது குறையும், ஆனால் வெளியே வரும் கழிவுநீரும் நீர்த்ததுதான். கணக்குப் போடுவோம்: ரத்த ஓட்டம் நிமிடத்துக்கு 150 மி.லி., அதில் பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) 70 சதவீதம் என்றால் மணிக்கு 6.3 லிட்டர். முன்னால் கலக்கும் திரவம் 1.5 லிட்டர். 6.3-ஐ 7.8-ஆல் வகுத்தால் 0.81. அதாவது ஐந்தில் ஒரு பங்கு போச்சு. 25 எழுதி, 20 மணி நேரம் ஓடி, முழுவதும் முன்கலப்பாக இருந்தால் நிஜ டோஸ் 17 தான்.

வடிகட்டி உறையாமலேயே மெல்ல அடைத்துக்கொள்வதும் உண்டு. மெஷின் ஓடும், கழிவுநீரும் வடியும், ஆனால் யூரியா கடக்காது. கழிவுநீரில் உள்ள யூரியாவை ரத்த யூரியாவால் வகுத்துப் பாருங்கள். புது வடிகட்டியில் 1-க்குப் பக்கத்தில் இருக்கும், 0.8-க்குக் கீழே இறங்கினால் அந்த வடிகட்டியின் காலம் முடிந்தது.

கதீட்டர் எங்கே போட்டால் என்ன, ரத்தம் வந்தால் சரிதானே?

டோஸ் பாதி அங்கேதான் தீர்மானமாகிறது. முதல் தேர்வு கழுத்தின் வலது பக்கம், அடுத்தது தொடை, அப்புறம் கழுத்தின் இடது பக்கம், தோள்பட்டைக்குக் கீழே போடுவது கடைசி. வலது கழுத்துக்கு 15 செ.மீ., இடதுக்கு 20, தொடைக்கு 25 செ.மீ. அளவில் நீளம் வேண்டும். தொடையில் குட்டைக் கதீட்டர் போட்டால், சுத்தம் செய்து திருப்பி அனுப்பிய அதே ரத்தத்தையே மெஷின் மறுபடி இழுக்கும். மானிட்டரில் எல்லாம் சரியாகத் தெரியும், நோயாளி மட்டும் தேற மாட்டார்.

ரத்தம் உறையாமல் இருக்க என்ன தருவீர்கள்?

ஹெபாரின் அல்லது சிட்ரேட். ரத்தக்கசிவு அபாயம் இருந்தால் இரண்டும் இல்லாமல் வேகமான ரத்த ஓட்டத்தோடு ஓட்டுவோம். 2020-ல் ஜெர்மனியில் 596 பேரிடம் செய்த ரிச் ஆய்வில் சிட்ரேட் கொடுத்தால் வடிகட்டி சுமார் 47 மணி நேரம் நின்றது, ஹெபாரினில் 26. ஆனால் சிட்ரேட் பக்கம் புதிய கிருமித்தொற்று கூடுதலாக இருந்தது. சிட்ரேட் ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் கால்சியத்தை அடிக்கடி பார்க்க ஆளும் லேபும் இல்லாத இடத்தில் சிட்ரேட்டைத் தொடாமல் இருப்பதே நல்லது.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஸ்லெட் என்கிறார்கள். அது என்ன? சிஆர்ஆர்டி இல்லாததால் ஒப்பேற்றுகிறார்களா?

ஒப்பேற்றுவது இல்லை. சாதாரண டயாலிசிஸ் மெஷினையே மெதுவாக, 6 முதல் 8 மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஓட்டுவது. நிமிடத்துக்கு ரத்த ஓட்டம் 150-200 மி.லி., டயாலிசேட் (கழிவை வாங்கிக்கொள்ளும் திரவம்) 200-300 மி.லி. அளவில் வைத்தால், ரத்த அழுத்தத்துக்கு மருந்து ஓடிக்கொண்டிருக்கும் ஆளும் பெரும்பாலும் தாங்குவார். தமிழ்நாட்டு ஐசியுக்களில் நடப்பதில் பெரும்பகுதி இதுதான். சிஆர்ஆர்டி செட்டும் பை பையாகத் திரவமும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஆகும் செலவு இதைப்போலப் பல மடங்கு.

மெஷின் வகையால் உயிர் பிழைப்பது மாறுகிறதா என்று பிரான்ஸில் 21 ஐசியுக்களில் 360 பேரிடம் ஒப்பிட்டு 2006-ல் வெளியிட்டார்கள். விட்டுவிட்டுச் செய்ததிலும் தொடர்ந்து செய்ததிலும் 60 நாளில் பிழைத்தவர்கள் 32, 33 சதவீதம். அதனால் நிலத்தையும் நகையையும் விற்று சிஆர்ஆர்டி செய்யாததால்தான் அம்மா போய்விட்டார் என்று யாரும் மனதைப் போட்டு வதைத்துக்கொள்ளாதீர்கள். இதை ஒவ்வொரு குடும்பத்திடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு விலக்கு உண்டு: மூளையில் வீக்கம், ஈரல் முற்றிலும் செயலிழப்பு போன்றவற்றில் அழுத்தம் சட்டென்று மாறக்கூடாது, அங்கே தொடர் டயாலிசிஸ்தான் பாதுகாப்பு.

ஸ்லெட்டுக்குத் தனியாக ஒரு மந்திர எண் கிடையாது. ஒவ்வொரு முறையும் கேடி/வி 1.2-1.4 கிடைக்கிறதா என்று முன்னும் பின்னும் யூரியா எடுத்துப் பாருங்கள். உடம்பு வீங்கியிருக்கும்போது வி என்ன என்று சரியாகப் பிடிக்க முடியாது என்பது உண்மை, அதற்காகப் பார்க்காமலே விட்டுவிடுவது சரியில்லை.

"உப்பு" குறையவே இல்லை என்கிறார்கள். டயாலிசிஸ் வேலை செய்யவில்லையா?

நம் ஊரில் யூரியா, கிரியாட்டினினைத்தான் உப்பு என்கிறோம், சாப்பாட்டு உப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டயாலிசிஸ் முடிந்ததும் எண் நன்றாக இறங்கியிருக்கும், ஒரு மணி நேரத்தில் திசுக்களில் இருந்த யூரியா ரத்தத்துக்கு வந்து கொஞ்சம் ஏறும், மறுநாள் இன்னும் ஏறும். சிறுநீரகம் இன்னும் விழிக்கவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். இன்னொரு பக்கம், படுக்கையிலேயே தசை கரைந்துபோனவருக்குக் கிரியாட்டினின் குறைவாகவே காட்டும், அதை வைத்து "தேறிட்டார்" என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு நாளின் எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல் நாலைந்து நாள் போக்கைப் பாருங்கள்.

எப்போது இந்த அளவை மீறி அதிகம் கொடுக்க வேண்டும்?

பொட்டாசியம் 7-ஐத் தாண்டி இசிஜி மாறினால் உடனே, வேகமாக. கண்ணாடி விரியன் கடித்து தசையும் ரத்தமும் சிதைந்துகொண்டிருப்பவர், விபத்தில் நசுங்கியவர், பெரிய தீக்காயம், கட்டுப்படாத அமிலத்தன்மை, லித்தியம் மாதிரி டயாலிசிஸில் வெளியேறும் நச்சு: இவர்களுக்கெல்லாம் 3.9 என்ற எண்ணைக் காட்டி ஒருநாள் விட்டுவிடக் கூடாது, தேவைப்பட்டால் தினமும், ஒரே நாளில் இரண்டு முறைகூட. ஆய்வுகள் சொன்னது சராசரி நோயாளியைப் பற்றி. கட்டிலில் இருப்பவரின் பொட்டாசியத்தையும் நுரையீரலையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதல் தடவை 2 மணி நேரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை, வேண்டுமென்றே செய்வது. யூரியா 250, 300 என்று ஏறியிருக்கும் ஆளுக்கு ரத்தத்தை மட்டும் திடீரென்று சுத்தம் செய்தால், மூளைக்குள் யூரியா மிச்சமிருக்கும், அது தண்ணீரை இழுத்துக்கொண்டு வீங்கும். தலைவலி, வாந்தி, வலிப்பு வரை போகலாம். அதனால் முதல் நாள் இரண்டு மணி நேரம் குறைந்த வேகத்தில், மறுநாள் மூன்று, பிறகு முழு அளவு.

நீர் எடுப்பதும் டோஸில் சேருமா?

தனி டோஸ் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். கழிவு வேறு, நீர் வேறு. வீக்கத்தைப் பார்த்து "இன்னும் ரெண்டு லிட்டர் எடுங்க சார்" என்று கேட்பீர்கள், நியாயம்தான், ஆனால் வேகமாக எடுத்தால் ரத்த அழுத்தம் விழும், மெல்லத் தேறிவரும் சிறுநீரகத்துக்கு அதுவே மறுபடி அடி. ரீனல் ஆய்வின் தரவுகளைப் பின்னால் அலசிப் பார்த்தபோது, கிலோவுக்கு மணிக்கு 1.75 மி.லி.க்கு மேல் நீர் எடுத்தவர்களில், 1.01-க்குக் கீழே எடுத்தவர்களைவிட இறப்பு கூடுதலாக இருந்தது. 60 கிலோ ஆளுக்கு 1.75 என்பது மணிக்கு 105 மி.லி. இது காரணத்தை நிரூபிக்கும் ஆய்வல்ல, ஆனாலும் தொடர் டயாலிசிஸில் அந்த எல்லையைத் தாண்டும்போது நான் ஒருமுறை நின்று யோசிப்பேன்.

இன்னும் சீக்கிரமே ஆரம்பித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமோ?

இந்தக் கேள்வியைக் கேட்கும் முகங்களை என்னால் மறக்க முடிவதில்லை. 2020-ல் வந்த ஸ்டார்ட்-ஏகேஐ ஆய்வில் சுமார் 3,000 பேர். சீக்கிரம் ஆரம்பித்தவர்களில் 90 நாள் இறப்பு 43.9 சதவீதம், காத்திருந்தவர்களில் 43.7. பிழைத்தவர்களில் 90-வது நாளும் டயாலிசிஸை விட முடியாதவர்கள் சீக்கிரம் ஆரம்பித்த பக்கம் 10.4 சதவீதம், காத்திருந்த பக்கம் 6. பிரான்ஸில் 2016-ல் வந்த அகிகி ஆய்வில், காத்திருந்தவர்களில் பாதிப்பேருக்கு டயாலிசிஸே தேவைப்படவில்லை. ஆகவே அவசர அறிகுறி எதுவும் இல்லாதபோது டாக்டர் ஒரு நாள் பொறுத்துப் பார்த்தார் என்றால் அது அலட்சியம் அல்ல. பொட்டாசியமோ மூச்சுத் திணறலோ இருந்தும் காத்திருந்தால் அது வேறு கதை.

வயிற்றுக்குள் திரவம் விட்டு வடிக்கும் வயிற்று டயாலிசிஸ் பெரியவர்களுக்கு ஐசியுவில் உதவுமா?

உதவும். பிரேசிலின் பொட்டுகாட்டுவில் 120 பேரிடம் அதிக அளவு வயிற்று டயாலிசிஸையும் தினசரி ரத்த டயாலிசிஸையும் ஒப்பிட்டதில் இறப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதே நேரம் 2002-ல் வியட்நாமிலிருந்து வந்த ஆய்வில், மலேரியா, செப்சிஸ் நோயாளிகளில் வயிற்று டயாலிசிஸ் செய்தவர்கள் 47 சதவீதம் இறந்தார்கள், தொடர் வடிகட்டல் செய்தவர்கள் 15. அங்கே பயன்படுத்தியது விறைப்பான கதீட்டர், திறந்த முறை, அசிடேட் திரவம். எப்படிச் செய்கிறோம் என்பதுதான் இங்கே முழுக்க முழுக்க விஷயம். டோஸ்: வாரக் கேடி/வி 3.5 கிடைத்தால் தினசரி ரத்த டயாலிசிஸுக்குச் சமமாக நிற்கும், 2.2 வரை ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது 2020-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்.

எப்போது நிறுத்துவீர்கள்?

யூரின் பையைப் பார்த்துத்தான். நீர் பிரிய வைக்கும் மருந்து இல்லாமலே ஒரு நாளைக்கு 400 மி.லி.க்கு மேல் வந்தால் நிறுத்திப் பார்க்கலாம், பெரும்பாலானவர்களுக்கு அது நிலைக்கிறது. ஏடிஎன் ஆய்வில், மணிக்கு 30 மி.லி.க்கு மேல் சிறுநீர் வந்தவுடன் 6 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் தானே கழிவை வெளியேற்றும் வேகம்) பார்த்தார்கள். நிமிடத்துக்கு 20 மி.லி.க்கு மேல் என்றால் நிறுத்தம், 12-க்குக் கீழே என்றால் தொடர்ச்சி, நடுவில் டாக்டரின் முடிவு. இது எங்கும் செய்யக்கூடிய எளிய சோதனை, ஏன் அதிகம் செய்வதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

டிஸ்சார்ஜ் ஆகும்போதும் டயாலிசிஸ் நிற்கவில்லை. இனி ஆயுசுக்கும் இதுதானா?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். ரீனல் ஆய்வில் 90-வது நாள் உயிரோடு இருந்தவர்களில் இன்னும் டயாலிசிஸில் இருந்தவர்கள், அதிக டோஸ் பக்கம் 6.8 சதவீதம், குறைந்த டோஸ் பக்கம் 4.4. மற்றவர்கள் எல்லாம் அதிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். வெளியூர் டயாலிசிஸ் சென்டரில் சேரும்போது "இவருக்குத் திடீரென்று வந்தது, சிறுநீரகம் திரும்பலாம்" என்று டிஸ்சார்ஜ் சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் நாள்பட்ட நோயாளிகளோடு சேர்த்து அதே டோஸில், அதே அளவு நீர் எடுத்து, தேறிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது. வீட்டில் ஒரு அளவு ஜாடி வைத்து தினமும் 24 மணி நேரச் சிறுநீரை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். டயாலிசிஸுக்கு முன்பு எடுக்கும் கிரியாட்டினினையும் அதன் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். முன்னது ஏறி, பின்னது தானாக இறங்கிக்கொண்டு வந்தால், அந்த நோட்டோடு அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.